பெரும்பாடும் ஒரு கோப்பை பிளேன்டியும்

கண்டிப் பக்கத்து வீடுகளில் மாதவிடாய் அளவுக்கு மீறிப் போனால் வைத்தியம் அடுப்படியில்தான் தொடங்குகிறது. வீட்டில் பாட்டி இருந்தால் வாழைப்பொத்தியை இடித்துச் சாறு பிழியச் சொல்வார். அயல்வீட்டு அம்மா மாதுளந்தோலைக் காயவைத்து அவித்துக் குடிக்கச் சொல்வார். சிங்களத் தோழி கொத்தமல்லியும் இஞ்சியும் நல்லது என்பார். கூட வேலை செய்கிற அக்காவோ, "அசோகாரிஷ்டம் ஒரு போத்தல் வாங்குங்க, எல்லாம் சரியாகும்" என்று முடித்துவிடுவார். சாப்பிட்ட கையோடு குடிக்கிற தேத்தண்ணியைக் கொஞ்சம் தள்ளிக் குடி என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. தேயிலை விளைகிற மலையில் அப்படிச் சொல்ல யாருக்குத் தோன்றும்? ஆனால் கேட்கிற அறிவுரைகள் எல்லாவற்றையும் விட ஆதாரம் வலுவாக உள்ளது அதற்குத்தான்.

கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டிப் பேராதனைக்குப் போகிற கொழும்பு–கண்டி வீதியில் இருக்கிறது பிலிமத்தலாவை. வீதியோரப் பித்தளைக் கடைகளும், உள்ளே திரும்பினால் கடலாதெனிய, எம்பக்க கோவில்களும் ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவை. காலையில் இங்கிருந்து கண்டிக்கும் பேராதனைக்கும் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேராவது பெண்கள்: ஆசிரியைகள், தாதிகள், புடவைக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், பல்கலைக்கழக மாணவிகள். இவர்களில் சிலர் மாதத்தில் சில நாட்கள் கறுப்புப் பாவாடையைத் தேடி உடுத்துகிறார்கள். ஆசனத்தை விட்டு எழும்போது ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டு பேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். கேட்டால், "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்பார்கள். அம்மாவுக்கும் அப்படித்தானாம்.

இப்படிப் போவது சாதாரணமா, இல்லையா என்பதைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். சுவீடனின் யொத்தெபொரி நகரில் லெய்ப் ஹால்பெரி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1966இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் பேசப்படுகிறது. 476 பெண்கள் பாவித்த பேட்களைச் சேகரித்து, அதிலிருந்த இரத்தத்தை இரசாயன முறையில் அளந்தார்கள். ஒரு மாதவிடாய்க்குச் சராசரியாக 40 மில்லிலீற்றரைச் சற்றுத் தாண்டிய அளவுதான் வந்தது. 80 மில்லிலீற்றருக்கு மேல் போனால் இரத்தச்சோகை தலைகாட்டத் தொடங்கியது. எண்ணிக்கையை விட இன்னொரு விடயம்தான் யோசிக்க வைக்கிறது. 80க்கு மேல் இழந்தவர்களில் ஏறத்தாழ 40 வீதத்தினர் தமக்கு நடுத்தரமாகவோ குறைவாகவோதான் போகிறது என்று நம்பியிருந்தார்கள்.

வீட்டில் இரசாயனம் தேவையில்லை. ஒரு மணித்தியாலத்துக்கோ இரண்டு மணித்தியாலத்துக்கோ ஒரு பேட் முழுதாக நனைகிறதா? இரவில் மாற்றுவதற்காகவே எழும்ப வேண்டியிருக்கிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? பத்து ரூபாய்க் குற்றி அளவுக்கோ அதை விடப் பெரிதாகவோ கட்டி விழுகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலே அது அதிகப் போக்குத்தான். மாதவிடாய்க் கப் பாவிக்கிறவர்களுக்கு இன்னும் இலகு. பெரும்பாலானவற்றில் மில்லிலீற்றர் கோடு இருக்கும், அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். கப்பில் சேர்வது முழுவதும் இரத்தம் அல்ல, ஏறத்தாழப் பாதிதான் இரத்தம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் மில்லிலீற்றரைப் பிடித்துத் தொங்குவதுமில்லை. வேலைக்கும் பாடசாலைக்கும் போக முடியாமல், வெளியே கிளம்பப் பயந்து, ஒரு பெண்ணின் அன்றாடம் குலைந்தால் அதுவே சிகிச்சைக்குப் போதிய காரணம் என்கின்றன.

சித்த வைத்தியர்கள் பெரும்பாடு என்று சொல்வது இந்த அதிகப் போக்கைத்தான்.

இனி ஒரு கணக்கு. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 40 மில்லிலீற்றர் போனால் 20 மில்லிகிராம் இரும்பு போகும். நம் குடல் ஒரு நாளைக்கு உணவிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம்தான். ஒன்றரை என்று வைத்தால் மாதத்துக்கு 45. அதில் 25 அளவில் தோல் உதிர்வதாலும் குடல் வழியாகவும் தினமும் சிறிது சிறிதாகக் கழிந்துவிடும். மிஞ்சுகிற 20 மில்லிகிராம் சாதாரண மாதவிடாய்க்குச் சரியாகப் போகிறது. 80 மில்லிலீற்றர் போகிறவருக்கு மாதந்தோறும் 20 மில்லிகிராம் கடன். 160 போகிறவருக்கு 60. இரும்பு குறையக் குறைய, குடல் கூடுதலாக உறிஞ்சப் பார்க்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அடியில் ஓட்டை விழுந்த தொட்டியில் மேலே குழாயை எவ்வளவு திறந்துவிட்டாலும் நீர்மட்டம் இறங்கத்தான் செய்யும்.

கடன் முதலில் சேமிப்பில் விழுகிறது. பெரிட்டின் என்ற புரதத்தில் உடல் இரும்பைப் பதுக்கி வைத்திருக்கிறது. அது தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் குறையத் தொடங்கும். அதனால்தான் ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, பயமில்லை என்று அனுப்பப்பட்ட பெண்ணுக்கும் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, படியேறினால் நெஞ்சு அடிக்கிறது. இந்தக் களைப்பை வீட்டு வேலைக் களைப்பு என்று எண்ணியே பலர் வருடக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள்.

பித்தளைக்குப் பேர்போன ஊரில் பெண்களுக்கு வேண்டியது இரும்பு. அந்த விடயத்தில் அடுப்படியால் நிறையச் செய்ய முடியும்.

கண்டிப் பக்கத்தில் இரும்புச்சத்துக்குப் பஞ்சமில்லை. அன்றாடம் அவிக்கிற மைசூர்ப் பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம், கோழி ஈரலில் 9 அளவில், எள்ளில் 14 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வேலிக்கரை முருங்கை, சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிற பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி எல்லாவற்றிலும் உண்டு. காலையில் சிங்கள வீடுகளிலும் வீதியோரக் கடைகளிலும் கித்துள் கருப்பட்டியோடு குடிக்கிற இலைக்கஞ்சியிலும் உண்டு. எவ்வளவு இருக்கிறது என்பதை விட, அதில் எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது என்பதுதான் சிக்கல். இறைச்சி, ஈரல், மீனில் உள்ள இரும்பில் 15 முதல் 35 வீதம் வரை குடல் எடுத்துக்கொள்கிறது. கீரை, பருப்பில் உள்ளதில் பெரும்பாலும் 10 வீதம்கூடத் தேறாது.

பீட்ரூட்டின் சிவப்பைக் கண்டு ஏமாறவும் வேண்டாம். அதில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பேரீச்சம்பழத்திலும் சுமார் ஒன்றுதான். உடம்புக்குக் கெடுதல் இல்லை, சாப்பிடலாம். ஆனால் ஈரல் வாங்குகிற காசில் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு இரத்தம் ஊறும் என்று காத்திருப்பது வீண்.

தாவர இரும்பை உடம்பில் ஒட்டவைக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் நம் சமையலில் ஏற்கனவே இருக்கின்றன. ஒன்று புளிப்பு. தேசிக்காய், நெல்லி, கொய்யா, தக்காளி ஆகியவற்றின் வைட்டமின் சி, அதே வேளையில் சாப்பிடுகிற கீரையின் இரும்பை இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக உறிஞ்ச வைக்கும். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் விடுகிற பழக்கம் ருசிக்காக வந்ததாக இருக்கலாம், பலன் இரும்பில் தெரிகிறது. அடுப்பில் இருக்கும்போது விட்டால் சூட்டில் வைட்டமின் சி அழியும், இறக்கிய பிறகு விடவேண்டும். மற்றது மீன். பருப்புக் கறியில் போடுகிற ஒரு பிடி மாசியும், சம்பலோடு வைக்கிற பொரித்த நெத்தலிக் கருவாடும் தம் இரும்பைத் தருவதோடு, கூட இருக்கிற பருப்பு, கீரையின் இரும்பையும் இழுத்து ஒட்டவைக்கின்றன. ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிய தட்டுத்தான் இது.

பரணில் கிடக்கிற இரும்புத் தாச்சியையும் இறக்கலாம். எத்தியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் ஹீமோகுளோபின், அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தவர்களின் குழந்தைகளை விடக் கூடியதை 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. தக்காளி, புளி சேர்ந்த குழம்பில் இரும்பு கூடுதலாக இறங்கும். ஒட்டாத சட்டிகள் வந்த பிறகு நம் சமையலறைகளில் இந்த இலவச இரும்பு நின்றுபோனது.

இனித் தேத்தண்ணி. அமெரிக்க ஆய்வாளர்கள் 1983இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். இறைச்சி வைத்த பர்கரோடு கோப்பி குடித்தவர்களில் இரும்பு உறிஞ்சப்படுவது 39 வீதம் குறைந்தது. அதே பர்கரோடு தேநீர் குடித்தவர்களில் 64 வீதம் குறைந்தது. தேயிலைக்குக் கடுமையைத் தருகிற பொலிபீனோல்கள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு கழிவோடு போய்விடுகின்றன. ரொட்டியும் சம்பலும் ஒரு கோப்பை பிளேன்டியும்தான் தோட்டத்துப் பெண்களில் பலருக்குக் காலைச் சாப்பாடு. பிலிமத்தலாவையில் பாண், பருப்பு, தேத்தண்ணி. இறைச்சியும் இல்லாத அந்தத் தட்டில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் கோப்பை தட்டிப் பறித்துவிடுகிறது.

தேத்தண்ணியை விடச் சொல்ல யாருக்கும் மனம் வராது, அப்படிச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். விடத் தேவையுமில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விட்டால் போதும். பிரித்தானியாவில் பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தபோதே பாதிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இரும்பு மாத்திரை எடுக்கிறவர்கள் அதைத் தேத்தண்ணியோடு விழுங்குவது காசையும் மாத்திரையையும் தண்ணீரில் கரைப்பதுதான். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். மலம் கறுப்பது சாதாரணம். வயிறு புரட்டினால், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்கலாம். ஒருநாள் இடைவெளியில் கொடுத்தபோது குடல் கூடுதலாக உறிஞ்சியதை சூரிச்சில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது இழந்ததை ஈடுகட்டுகிற வழி. போக்கையே குறைக்க முடியாதா என்பதுதான் பாட்டியின் வாழைப்பொத்தியும் அக்காவின் போத்தலும் கேட்கிற கேள்வி.

இதில் இஞ்சிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஈரானில் அதிகப் போக்கால் அவதிப்பட்ட 92 இளம் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இஞ்சித்தூள் கெப்சூலும் மற்றதற்கு மருந்தில்லாத வெறும் கெப்சூலும் மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குக் கொடுத்தார்கள். 2015இல் வெளியான முடிவு: இஞ்சிப் பிரிவில் போக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, மற்றதில் மாற்றமே இல்லை எனலாம். கருப்பையில் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் கூடும்போது வலியும் போக்கும் கூடும். இஞ்சி அதை மட்டுப்படுத்துகிறது என்பது விளக்கம். ஒரே ஒரு சிறிய ஆய்வு, அதுவும் பெண்கள் தாமே குறித்த அளவு. ஆகவே இஞ்சியை மருந்தென்று கொண்டாட இன்னும் நேரம் வரவில்லை. என்றாலும் வீட்டில் இருக்கிற, விலை குறைந்த, பெரிய தீங்கில்லாத ஒன்றை முயன்று பார்ப்பதில் தவறில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் கெப்சூலுக்குப் போகக்கூடாது. குடிக்கிறவர்கள் தேயிலை போடாமல், மல்லியோடு அவித்துக் குடிக்கட்டும். இஞ்சிப் பிளேன்டி என்றால் இஞ்சி ஒரு கையால் தருவதைத் தேயிலை மறு கையால் எடுத்துக்கொள்ளும்.

மாதுளம்பூவையும் ஈரானியர்கள் சோதித்திருக்கிறார்கள். ட்ரனெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தோடு ஒப்பிட்டபோது இரண்டும் போக்கைக் குறைத்தன. பூவிலும் தோலிலும் உள்ள துவர்ப்புச் சத்துத்தான் காரணமென்றால், அதே துவர்ப்பு இரும்பையும் பிடித்துக்கொள்ளும் என்பதை மறக்கக்கூடாது. வாழைப்பொத்தி நார்ச்சத்துள்ள நல்ல கறி. அது இரத்தத்தை நிறுத்தும் என்று காட்டுகிற ஒழுங்கான பரிசோதனை கிடையாது. சுடுதண்ணீர்ப் போத்தல் அடிவயிற்று வலிக்கு நன்றாகவே உதவும், போக்கைக் குறைக்காது. யோகாவும் நடையும் உடலுக்கு நல்லவை, அவ்வளவுதான்.

அசோகாரிஷ்டம் தனியாகப் பேசவேண்டிய சரக்கு. அசோக மரத்துப் பட்டையை அவித்து, அந்தக் கஷாயத்தைத் தானே புளிக்கவிட்டுச் செய்கிறார்கள். அதனால் அதில் 5 முதல் 10 வீதம் வரை இயற்கையாக உண்டான மதுசாரம் இருக்கும். வயதுக்கு வந்த பிள்ளைக்கு மூன்று வேளையும் ஊற்றிக் கொடுக்கிற தாய்மாருக்கு இது தெரிவதில்லை. உண்மையான அசோகு அழிவுக்கு ஆளாகும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. இந்தியச் சந்தைகளில் அதன் பெயரில் வீதியோரம் உயர்ந்து நிற்கிற நெட்டிலிங்க மரத்தின் பட்டை கலப்படமாக விற்கப்படுவதை ஆய்வாளர்கள் பலமுறை காட்டியிருக்கிறார்கள். 2004இல் வெளியான ஆய்வொன்றுக்காக அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆசனிக் போன்ற உலோகங்கள் இருந்தன. ஆயுர்வேதமோ சித்தமோ வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பதிவுபெற்ற வைத்தியரிடம் போய், நோய் என்னவென்று பார்த்த பிறகு குடிக்கவேண்டும். பெயர் அச்சிடாத போத்தலையும், பஸ்ஸில் விற்கிற சூரணத்தையும் வாங்கக்கூடாது. அதோடு வலிக்கு அஸ்பிரின் போடுகிற பழக்கமும் கூடாது, அது இரத்தம் உறைவதைத் தடுத்துப் போக்கைக் கூட்டும்.

எந்தக் கஷாயமும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ஏன் போகிறது? கருப்பையில் கட்டி இருக்கலாம், தசைவளர்ச்சி இருக்கலாம், தைரொயிட் குறைந்திருக்கலாம், சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினையால் கருமுட்டை வெளிவராமல் இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போட்ட செப்பு லூப் காரணமாக இருக்கலாம். தெரியாமல் தரித்த கரு கலைவதாகவும் இருக்கலாம். இவற்றில் கருப்பைக் கட்டியை இஞ்சி கரைக்காது, தைரொயிட்டை மாதுளை தூக்கி நிறுத்தாது.

இரண்டு வயதினர் விடயத்தில் இந்தக் கேள்வி மிக அவசரமானது. முதலாவது, புதிதாக வயதுக்கு வந்த பிள்ளை. உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துச் சடங்கும் செய்து முடித்த பிறகு, இரண்டாவது மூன்றாவது மாதத்திலேயே கொட்டுகிறது என்றால் முதலில் இரண்டொரு வருடம் ஒழுங்கில்லாமல்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் பின்லாந்தின் ஓலாண்ட் தீவுக்கூட்டத்தில் ஒரு சிறுமி தன் நான்காவது மாதவிடாயில் இரத்தம் நிற்காமல் 13 வயதில் இறந்தாள். அதற்கு முன்பே அவளுடைய குடும்பத்தை ஆராய்ந்த எரிக் வொன் வில்லபிராண்ட் என்ற மருத்துவர் 1926இல் விவரித்த இரத்த உறைவுக் குறைபாடு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அதிகப் போக்குள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்காவது இந்தக் குறைபாடு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் மாதவிடாயிலிருந்தே கொட்டுவது, பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காதது, சும்மா பட்டாலே தோலில் நீலம் பாய்வது, மூக்கால் அடிக்கடி இரத்தம் வருவது, அம்மாவுக்கோ சித்திக்கோ பிரசவத்தில் அதிகம் போனது இவையெல்லாம் டொக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டிய அடையாளங்கள்.

இரண்டாவது, 45ஐத் தாண்டியவர்கள். "நிற்கப்போற காலத்தில கொட்டித்தான் நிற்கும்" என்கிற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. நிற்கிற வயதில் ஹோர்மோன் தடுமாறி ஒழுங்கு கெடுவது உண்மை. கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் தலைகாட்டுகிற வயதும் அதுதான். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு துளி வந்தாலும் அது பரிசோதிக்க வேண்டிய துளி. இந்த நம்பிக்கையை நம்பிக் காத்திருப்பது, மேலே சொன்ன எல்லா வீட்டு வைத்தியங்களையும் விட ஆபத்தானது.

பிலிமத்தலாவைப் பெண்களுக்குத் தூரம் ஒரு சாட்டாக இருக்க முடியாது. ஊரிலேயே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் மருத்துவமாது வீடு தேடி வருகிறார். கர்ப்பம், பிள்ளைத் தடுப்பூசி என்றால் மட்டும்தான் அவரிடம் பேசலாம் என்றில்லை. 1996இல் தொடங்கிய, சிங்களத்தில் சுவநாரி என்று வழங்குகிற பெண்கள் நலக் கிளினிக்குகள் 35 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனைகளைக் காசில்லாமல் செய்கின்றன. அங்கேயே விடயத்தைச் சொல்லலாம். சில கிலோமீற்றர் தள்ளிப் பேராதனை போதனா வைத்தியசாலை, இன்னும் கொஞ்சம் போனால் கண்டி தேசிய வைத்தியசாலை. இரத்தப் பரிசோதனை, பெரிட்டின், தைரொயிட், வயிற்று ஸ்கேன் என்று தொடங்கினால் பெரும்பாலான காரணங்கள் பிடிபட்டுவிடும். இலங்கையில் தலசீமியா காவிகளும் ஒரு பகுதியினர் இருப்பதால், ஹீமோகுளோபின் குறைவு என்றவுடன் பரிசோதிக்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை போடுவதும் நல்லதல்ல.

மருந்து என்றாலே ஹோர்மோன், சத்திரசிகிச்சை என்று பயப்படுகிறவர்களுக்கு ட்ரனெக்ஸாமிக் அமிலத்தின் கதை தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் நொறுங்கிய ஜப்பானில், உதாக்கோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவ விஞ்ஞானி, பிரசவத்தில் இரத்தம் போய்ச் சாகிற தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு கணவர் ஷொசுக்கேயுடன் சேர்ந்து தேடினார். பருப்பிலும் மீனிலும் இருக்கிற லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமைப்பைப் பின்பற்றி, உறைந்த இரத்தம் கரையாமல் காக்கிற மருந்தை உருவாக்கி 1962இல் வெளியிட்டார்கள். போக்குள்ள நாட்களில் மட்டும் எடுக்கிற இந்த மாத்திரை ஹோர்மோன் அல்ல. போக்கை ஏறத்தாழப் பாதியாக்கும். கால் நாளத்தில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் டொக்டர் எழுதித்தான் எடுக்கவேண்டும். உதாக்கோ 2016இல், 98 வயதில் இறந்தார். மெஃபனமிக் அமிலம் வலியோடு போக்கையும் ஓரளவு குறைக்கும். ஹோர்மோன் சுரக்கிற லூப் 90 வீதம் வரை குறைக்கும். சாதாரணச் செப்பு லூப்பும் இதுவும் ஒன்றல்ல.

காரணம் தேடாமல் குறுக்கு வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கே கரும்பு வெட்டுகிற கூலிப் பெண்கள் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் தண்டப்பணம் கட்டவேண்டும். மாதவிடாய் கொட்டுகிறது, வலிக்கிறது என்று தனியார் மருத்துவமனைகளுக்குப் போனவர்களுக்குக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். 2019இல் விடயம் வெடித்து அரசு கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 82 ஆயிரம் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருப்பை இழந்திருந்தார்கள். பலர் நாற்பதைக்கூட எட்டாதவர்கள். மாத்திரையாலோ லூப்பாலோ சரியாகியிருக்கக்கூடிய பெண்கள் அதில் எத்தனை பேர் என்பதை இனி யாரும் எண்ண முடியாது.

பேட்டின் விலையும் இந்தக் கதையில் ஒரு பங்கு. இறக்குமதிப் பேட்களுக்கு இலங்கை 2018 வரை 100 வீதத்துக்கும் மேல் வரி போட்டது. பின்னர் குறைத்தார்கள், அதுவும் போதவில்லை. மணிக்கொரு பேட் மாற்ற வேண்டிய பெண்ணுக்கு மற்றவர்களை விட இரண்டு மூன்று மடங்கு செலவு. அதனால் நனைந்ததையே வைத்துக்கொண்டு, அளவைக் குறைத்துச் சொல்கிறார்கள். டொக்டர் கேட்கிறபோது எத்தனை பேட் என்பதோடு, எத்தனை மாற்றியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்த மாதவிடாய்க்கு ஒரு பழைய கொப்பியில் நாளும் பேட் எண்ணிக்கையும் கட்டியின் அளவும் குறியுங்கள். சாப்பாட்டுக்குத் தேசிக்காய் விடுங்கள், தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள், இஞ்சி குடிக்க விரும்பினால் குடியுங்கள். அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணித்தியாலம் நனைந்தாலோ, எழும்பும்போது கண் இருட்டினாலோ, நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கினாலோ கஷாயம் அவிக்க நேரமில்லை. சுவசெரிய அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.